தனிச் சட்டமே இல்லாத சி.பி.ஐ... லாகூரில் தொடங்கிய லஞ்ச ஒழிப்புப் படையின் கதை!

மர்ம மரணமா, கோடிக்கணக்கில் மோசடியா, அரசுத் தேர்வில் முறைகேடா... எதுவாக இருந்தாலும் நம் ஊரில் உடனே எழும் குரல், 'சி.பி.ஐ விசாரணை வேண்டும்' என்பதுதான். உள்ளூர் காவல் நிலையத்தின் மீது நம்பிக்கை போகும்போது, பாதிக்கப்பட்ட குடும்பம் கடைசியாக நம்பிப் போய் நிற்கும் வாசல் அது.

அந்த சி.பி.ஐ எந்தச் சட்டத்தின்படி உருவானது தெரியுமா? 'சி.பி.ஐ சட்டம்' என்று ஒன்று இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி ஒரு சட்டம் இதுவரை இயற்றப்படவே இல்லை. 1963-ல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒரு தீர்மானம், அதற்கும் முன்னால் 1946-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த ஒரு சின்னச் சட்டம். இந்த இரண்டின் மேல்தான் நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்பு இன்றும் நிற்கிறது.

'ஒரு வழக்கை சி.பி.ஐ-க்கு மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?', 'மாநில அரசு ஏன் ஒப்புதல் தர வேண்டும்?', 'ஆளுங்கட்சியின் கைப்பாவை என்ற புகார் ஏன் ஓயவே மாட்டேன் என்கிறது?' ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை, சி.பி.ஐ பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

போரும் லஞ்சமும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவம், போர் முடிவதற்குள் 25 லட்சம் பேர் கொண்ட பெரும்படையாக வளர்ந்தது. அத்தனை பேருக்கும் சீருடை, பூட்ஸ், கூடாரம், உணவு என எல்லாவற்றையும் அரசாங்கம் வாங்கியாக வேண்டும். போர்த்துறையும் கொள்முதல் துறையும் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தன.

பணம் புரளும் இடத்தில் லஞ்சமும் புகுந்தது. கான்ட்ராக்டர்களும் சில அதிகாரிகளும் கைகோத்துக் கொண்டார்கள். தரமில்லாத சரக்கு, பொய்க் கணக்கு, கமிஷன் என்று புகார்கள் குவிந்தன. மாகாண போலீஸாரால் இதைச் சமாளிக்க முடியவில்லை. சரக்கு ஓரிடம், பில் ஓரிடம், அதிகாரி இன்னோரிடம் என்று விவகாரம் பல மாகாணங்களில் பரவிக் கிடந்தது.

இதற்காகவே 1941-ல் ஒரு தனிப்படை அமைக்கப்பட்டது. பெயர், ஸ்பெஷல் போலீஸ் எஸ்டாபிளிஷ்மென்ட். தமிழில் சொன்னால் சிறப்புக் காவல் அமைப்பு. சுருக்கமாக எஸ்.பி.இ. போர்த்துறையின் கீழ் இயங்கிய இந்தப் படைக்குத் தலைமையகம் லாகூர். தலைமை ஏற்றவர் கான் பகதூர் குர்பான் அலி கான். படையின் முதல் சட்ட ஆலோசகர் ராய் சாகிப் கரம் சந்த் ஜெயின். இன்றைய சி.பி.ஐ-யின் வித்து விழுந்தது இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு நகரத்தில்தான்!

போர்க்காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் அதைத் தொடங்கினார்கள். ஆனால், வேலை குறையவில்லை. 1942-ன் இறுதியில் ரயில்வே ஊழல்களையும் இந்தப் படையிடமே ஒப்படைத்தார்கள். போர்ச் சரக்கை ஏற்றிச் செல்ல ரயில்வே வேகன்களுக்குக் கடும் போட்டி நிலவிய காலம் அது.

1943-ல் ஓர் அவசரச் சட்டம் இந்தப் படைக்கு அதிகாரம் கொடுத்தது. போர் முடிந்த பிறகு, 1946 செப்டம்பர் 30 அன்று அந்த அவசரச் சட்டம் காலாவதியானது. அதோடு கடையைக் கட்டியிருக்க வேண்டிய படை அது. ஆனால், போர் முடிந்ததும் லஞ்சம் முடிந்துவிடவில்லையே! இன்னோர் அவசரச் சட்டத்தால் இடைவெளியை நிரப்பிவிட்டு, 1946 நவம்பரில் முறையான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுதான் 'டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம்'. படையின் பொறுப்பும் போர்த்துறையிடமிருந்து உள்துறைக்குக் கைமாறியது.

பெயரில் ஏன் 'டெல்லி'?

நாடு முழுக்கச் செல்ல வேண்டிய படைக்கு ஏன் டெல்லியின் பெயர்? அப்போது நடைமுறையில் இருந்த 1935-ம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, போலீஸ் என்பது மாகாணங்களின் அதிகாரம். மத்திய அரசு நினைத்தாலும் சென்னைக்கோ பம்பாய்க்கோ தனியாக ஒரு போலீஸ் படையை உருவாக்க முடியாது. மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் இருந்த டெல்லி போன்ற பகுதிகளில் மட்டுமே அது சாத்தியம்.

எனவே, ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டெல்லிக்கு என்று சிறப்பு போலீஸ் படை ஒன்றை உருவாக்குவது. பிறகு, அதன் அதிகார எல்லையை மற்ற பகுதிகளுக்கும் நீட்டிப்பது. அப்படி நீட்டிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுப்பது சட்டத்தின் 5-வது பிரிவு. 'அந்த மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே அதிகாரம் செலுத்த முடியாது' என்பது 6-வது பிரிவு.

இந்த 6-வது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.ஐ பற்றி இன்று நடக்கும் பாதிச் சண்டைகளுக்கு மூலம் இதுதான்.

1947-ல் தேசம் பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. படையின் முதல் தலைவரான குர்பான் அலி கானும் பாகிஸ்தானையே தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் அங்கே வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் ஆளுநராகவும் ஆனார். டெல்லியின் பெயரைத் தாங்கிய படை இந்தியாவில் நிலைத்தது.

அதே 1947-ல் ஊழல் தடுப்புச் சட்டமும் வந்தது. அதுவரை அரசு ஊழியர் லஞ்சம் வாங்கினால், போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அந்தத் தடையை இந்தச் சட்டம் நீக்கியது. படையின் கைக்கு ஓர் உண்மையான ஆயுதம் கிடைத்தது.

வைரச் சுரங்கமும் 25,000 ரூபாயும்

சுதந்திர இந்தியாவில் இந்தப் படை யாரையெல்லாம் தொடும் என்ற கேள்விக்கு 1949-ல் விடை கிடைத்தது.

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ஒரு பகுதி அப்போது விந்தியப் பிரதேசம் என்ற தனி மாநிலம். அதன் தொழில்துறை அமைச்சர் ராவ் சிவ பகதூர் சிங். அங்கே பன்னா என்ற ஊர் வைரச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. நிறுத்தப்பட்டிருந்த சுரங்க வேலையை மீண்டும் தொடங்க அனுமதிக்க, ஒரு வைரச் சுரங்க நிறுவனத்திடம் அமைச்சர் லஞ்சம் கேட்டார் என்பது புகார்.

1949 ஏப்ரலில், டெல்லியில் இருந்த 'கான்ஸ்டிடியூஷன் ஹவுஸ்' விடுதியில் பொறி வைக்கப்பட்டது. 25,000 ரூபாய் கைமாறியதும் சிறப்பு போலீஸார் உள்ளே நுழைந்தார்கள். அந்தக் காலத்தில் 25,000 ரூபாய் என்பது சாதாரணத் தொகை அல்ல. பதவியில் இருந்த ஓர் அமைச்சரைப் பிடித்தது அதைவிடப் பெரிய செய்தியானது.

விசாரணை நீதிமன்றம் அமைச்சரை விடுதலை செய்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி, 3 ஆண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 1954-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதோடு உச்ச நீதிமன்றம் நின்றுவிடவில்லை, போலீஸையும் கண்டித்தது. லஞ்சம் கொடுக்கப் பணமே இல்லாத ஒருவருக்கு, போலீஸே பணத்தை ஏற்பாடு செய்து கொடுத்துக் குற்றத்தை நடக்க வைப்பது சரியில்லை என்றது. பொறி வைக்கும் வேலையில் மாஜிஸ்திரேட்டைப் போலீஸ் சாட்சியைப் போலப் பயன்படுத்துவதையும் ஏற்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களைத் தொடும் துணிச்சல் ஒரு பக்கம், வரம்பு மீறக் கூடாது என்ற எச்சரிக்கை இன்னொரு பக்கம். இந்த இரண்டும் ஒரே வழக்கில் பதிவாகின.

சோதனைக்கு வந்த கோலி... ஆய்வுக்கு வந்த சந்தானம்

1950-களில் அரசாங்கம் எல்லாத் திசைகளிலும் விரிந்தது. ஐந்தாண்டுத் திட்டங்கள், அணைகள், உருக்காலைகள், பொதுத்துறை நிறுவனங்கள்... எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட். இறக்குமதி லைசென்ஸ் ஒன்று கிடைத்தால் போதும், அதை விற்றே லாபம் பார்க்கலாம் என்ற நிலை. 1953-ல், இறக்குமதி - ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு மோசடிகளை விசாரிக்க எஸ்.பி.இ-யில் ஒரு தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது.

1955-ல் படையின் தலைமைக்கு வந்தார் டி.பி.கோலி. 1931-ல் காவல் பணியில் சேர்ந்தவர். தனித்தனி லஞ்ச வழக்குகளைப் பிடிக்கும் சின்னப் படையாக இருந்தால் போதாது, பல மாநிலங்களில் பரவும் குற்றங்களை விசாரிக்கும் தேசிய அமைப்பு ஒன்று தேவை என்று நினைத்தவர் அவர்.

1962-ல் உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, ஊழலைத் தடுக்க வழி சொல்லும்படி ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர் ஒரு தமிழர், கே.சந்தானம். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு பணியாற்றியவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். ரயில்வே இணை அமைச்சராகவும் இருந்திருக்கிறார். வைரச் சுரங்க வழக்கு வெடித்த அதே விந்தியப் பிரதேசத்துக்குப் பின்னாளில் துணைநிலை ஆளுநராகவும் போயிருந்தார்.

சந்தானம் குழுவின் பரிந்துரையால் 1964 பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. ஆனால், அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே சி.பி.ஐ பிறந்துவிட்டது.

1963 ஏப்ரல் 1

1962 இறுதியில் சீனாவுடன் போர் மூண்டது. நாடெங்கும் நெருக்கடி நிலை. இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருந்தது. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் போன்றவை பதுக்கப்படுமோ என்ற கவலை ஆட்சியாளர்களுக்கும் இருந்தது, வீட்டில் அடுப்பெரிப்பவர்களுக்கும் இருந்தது.

அந்தச் சூழலில்தான், 1963 ஏப்ரல் 1-ம் தேதி உள்துறை அமைச்சகம் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. எஸ்.பி.இ கவனித்துவந்த வழக்குகளோடு, அத்தியாவசியப் பொருள் பதுக்கல், கறுப்புச் சந்தை, கொள்ளை லாபம் போன்ற குற்றங்களையும் விசாரிக்க 'சென்ட்ரல் பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேஷன்' அமைக்கப்படுகிறது என்றது அந்தத் தீர்மானம். இன்டர்போல் தொடர்பான பணியில் பங்கேற்பது, குற்றப் புள்ளிவிவரங்களைச் சேகரிப்பது ஆகியவையும் அதன் பொறுப்பில் வந்தன. மொத்தம் 6 பிரிவுகள். அவற்றில் முதலாவது பிரிவு, பழைய எஸ்.பி.இ-தான்!

அதாவது, 1946-ம் ஆண்டின் டெல்லி போலீஸ் படை கலைக்கப்படவில்லை. புதிய வீட்டின் நடுக்கூடமாக அதுவே உட்கார்ந்துகொண்டது. கைது செய்யும் அதிகாரம், சோதனையிடும் அதிகாரம் எல்லாம் அந்தப் பழைய சட்டத்திலிருந்தே வந்தன. வாசலில் மட்டும் புதுப் பலகை மாட்டப்பட்டது.

கோலியே முதல் இயக்குநரானார். உழைப்பு, நடுநிலை, நேர்மை என்ற மூன்று சொற்களை அமைப்பின் தாரக மந்திரமாக வைத்தார். 1968 மே மாதம் வரை அவர் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பிறகு இரண்டாவது இயக்குநராக வந்தவர், தமிழ்நாட்டு காவல்துறையில் ஐ.ஜி-யாக இருந்த எஃப்.வி.அருள்.

லஞ்ச வழக்குகளோடு நின்ற அமைப்பிடம், மாநில போலீஸால் அவிழ்க்க முடியாத முடிச்சுகளும் வரத் தொடங்கின. 1968 பிப்ரவரியில் ஜன சங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயா முகல்சராய் ரயில் நிலையம் அருகே இறந்து கிடந்த வழக்கு, சி.பி.ஐ-யிடமே போனது. 'பெரிய வழக்கா... சி.பி.ஐ-க்குக் கொடு' என்ற வழக்கம் மெல்ல வேரூன்றியது.

கதவைத் தட்டாமல் நுழைய முடியாது

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனமும் போலீஸை மாநிலப் பட்டியலிலேயே வைத்தது. மத்தியப் பட்டியலில் 'மத்திய உளவு மற்றும் புலனாய்வு அமைப்பு' என்ற வார்த்தைகள் இருந்தன. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது அம்பேத்கர் விளக்கம் சொன்னார். இந்த இடத்தில் வரும் 'புலனாய்வு' என்ற சொல், போலீஸ் செய்வதுபோல் குற்ற வழக்கை விசாரிப்பதைக் குறிக்காது என்பது அவரது விளக்கம்.

இதனால், சட்டத்தின் பார்வையில் சி.பி.ஐ இன்றும் டெல்லி போலீஸ் படைதான். ஒரு மாநில போலீஸ் இன்னொரு மாநிலத்துக்குள் அதிகாரம் செலுத்த வேண்டுமானால், அந்த மாநிலம் சம்மதிக்க வேண்டும். அதே விதி சி.பி.ஐ-க்கும் பொருந்துகிறது.

மாநில அரசு இந்த ஒப்புதலை இரண்டு விதமாகத் தரலாம். குறிப்பிட்ட வகைக் குற்றங்களுக்கு மொத்தமாக முன்கூட்டியே தருவது பொது ஒப்புதல். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தருவது தனி ஒப்புதல். மாநில அரசு தானே முன்வந்து ஒரு வழக்கை ஒப்படைக்கும்போதுகூட, மாநிலத்தின் ஒப்புதல் ஆணை ஒன்றும், மத்திய அரசின் அறிவிப்பு ஒன்றுமாக இரண்டு உத்தரவுகள் வேண்டும்.

மேற்கு வங்கம், கேரளா, பஞ்சாப் போன்ற மாநிலங்கள் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றன. 2023 ஜூனில் தமிழ்நாடும் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெற்றாலும் ஏற்கெனவே தொடங்கிய விசாரணை நின்றுவிடாது என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாநிலம் மறுத்தால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமலேயே சி.பி.ஐ விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 2010-ல் 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால், அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் படியேறுவது இதனால்தான்.

மூன்று நாள் பதற்றம்

இந்த அமைப்பின் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பது 2013-ல் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு மே மாதம்தான் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் சி.பி.ஐ-யை 'கூண்டுக்கிளி' என்று உச்ச நீதிமன்றம் சாடியிருந்தது. அடுத்த அதிர்ச்சி நவம்பர் 6-ம் தேதி, கௌஹாத்தி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. '1963-ம் ஆண்டுத் தீர்மானம் ஒரு சட்டமே அல்ல. அது மத்திய அமைச்சரவையின் முடிவும் அல்ல, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றதும் அல்ல. அதன்படி உருவான சி.பி.ஐ-யைப் போலீஸ் படையாகக் கருத முடியாது' என்ற பொருளில் தீர்ப்பளித்து, அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது.

அரை நூற்றாண்டாக விசாரித்த வழக்குகள் என்ன ஆகும்? சிறையில் இருப்பவர்கள் எல்லாம் வெளியே வந்துவிடுவார்களா? டெல்லி பரபரத்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. நவம்பர் 9, சனிக்கிழமை. நீதிமன்றத்துக்கு விடுமுறை. தலைமை நீதிபதியாக இருந்த பி.சதாசிவத்தின் வீட்டிலேயே வழக்கு விசாரிக்கப்பட்டு, தீர்ப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தமிழர் அன்று பிறப்பித்த அந்த இடைக்கால உத்தரவால், சி.பி.ஐ-யின் வேலை நிற்காமல் தொடர்ந்தது.

போடாத அஸ்திவாரம்

சி.பி.ஐ-க்கென்று முழுமையான தனிச் சட்டம் தேவை என்று எல்.பி.சிங் குழு 1978-லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் பின்னர் இதையே வலியுறுத்தின. நடுநடுவே சில ஒட்டுப்போடும் வேலைகள் நடந்தன. இயக்குநருக்கு குறைந்தபட்சம் 2 ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயக்குநரைத் தேர்வு செய்ய பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் கொண்ட குழுவை 2013-ம் ஆண்டின் லோக்பால் சட்டம் கொண்டுவந்தது. ஆனால், இந்தத் திருத்தங்களும் அந்தப் பழைய 1946 சட்டத்தின் மேலேயே ஏற்றப்பட்டன.

ஏன் இந்தத் தயக்கம்? தனிச் சட்டம் என்றால் சி.பி.ஐ யாருக்குக் கட்டுப்பட்டது, மாநிலங்களின் உரிமை எதுவரை, ஆளுங்கட்சி எந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கறுப்பு வெள்ளையில் எழுதியாக வேண்டும். ஒப்புதல் அதிகாரத்தை இழக்க மாநிலங்களுக்கு மனமில்லை. பிடியைத் தளர்த்த, எந்தக் கட்சி ஆண்டாலும் மத்திய அரசுக்கு மனமில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்பதை, ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

போர்க்காலக் கான்ட்ராக்டர்களைப் பிடிக்க லாகூரில் தொடங்கிய ஒரு தற்காலிகப் படை, 80 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பணியாற்றிய நேர்மையான அதிகாரிகளின் உழைப்பால் அதற்கு மக்களிடம் மரியாதை கிடைத்தது. அந்த மரியாதைக்கு ஏற்ற ஒரு சட்டத்தைக் கொடுக்க வேண்டியது நாடாளுமன்றம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், 'சி.பி.ஐ-க்கு எப்போது தனிச் சட்டம் கொண்டுவருவீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை!